ஒரு மீட்டர் உயர மலை

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அளவுகோல், நூறடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டதால் கைமாறிக் கைமாறிச் சென்னைக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது. கோடு பரங்கிமலையில் தொடங்கித் தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் முடிந்தது. நீளம் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இந்தத் துணைக்கண்டத்தையே முக்கோணம் முக்கோணமாக அளந்து, கடைசியில் இமயத்தின் சிகரங்கள் வரை போன மாபெரும் நில அளவைக்கு அதுதான் அடிக்கோடு.

எஃகு சூட்டில் நீளும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் பத்து லட்சத்தில் 12 பங்கு. சின்னக் கணக்காகத் தெரிகிறது. ஆனால் காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்து, அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், 12 கிலோமீட்டர் கோட்டில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் பிசகியிருக்கும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, கூடவே வெப்பமானிகளையும் வைத்து அளந்தார்கள்.

இவ்வளவு நுட்பமான வேலைக்கு அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்? தட்டையான நிலம் என்பதால்தான். இன்று மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் என்று வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் பரப்பு, அன்றைக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் மேடு பள்ளம் இல்லாத வெளி. அவர் வந்த மாதமும் தோதான மாதம். நவம்பரில் வந்திருந்தால் சங்கிலியோடு ஓடமும் தேவைப்பட்டிருக்கலாம்.

இந்த அத்தியாயம் அந்தக் கோட்டைப் பற்றியது அல்ல. அதற்குச் சில கிலோமீட்டர் கிழக்கே, ஏறக்குறைய அதற்கு இணையாகவே தெற்கு நோக்கிப் போகும் ஒரு சாலையைப் பற்றியது. அரசுக் கணக்கில் அது மாநில நெடுஞ்சாலை 49ஏ. பெயர்ப்பலகையில் ராஜீவ் காந்தி சாலை. சென்னைக்காரர்கள் வாயில் ஓ.எம்.ஆர்., பெரியவர்களுக்கு இன்னமும் பழைய மகாபலிபுரம் ரோடு. மத்திய கைலாஷில் புறப்பட்டு, டைடல் பார்க்கையும் தரமணியையும் கடந்து, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் என்று போய் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் முடிகிறது. மொத்தம் 45 கிலோமீட்டர் சொச்சம்.

கண்ணாடிக் கட்டடங்களை மறந்துவிட்டு, முப்பது வருடம் முந்தைய நிலையில் இந்தச் சாலையை நினைத்துப் பாருங்கள். இரண்டு வண்டிகள் ஒதுங்கிக் கடக்கும் அகலம், இருபுறமும் வயல், கோரைப்புல், பனை, இடையிடையே ஊர். சமவெளியில் போகும் நாட்டுப்புறச் சாலை, அவ்வளவுதான். சமவெளியில் சாலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாமே, மலையா ஆறா தடுக்கிறது? அப்படியிருந்தும் இது ஏன் இந்த இடத்தில் போகிறது? ஐந்நூறு மீட்டர் மேற்கே போயிருக்கக் கூடாதா?

கூடாது. லாம்ப்டனுடைய கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்த நிலம் தண்ணீருக்குத் தட்டை இல்லை. நூறு மீட்டர் உயரக் குன்றுகள் உள்ள ஊரில் ஒரு மீட்டர் மேட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. கடல் மட்டத்தைவிடச் சில மீட்டரே உயர்ந்த நிலத்தில் அந்த ஒரு மீட்டர்தான் மலை. ஊர் எங்கே, சுடுகாடு எங்கே, வயல் எங்கே, ரோடு எங்கே என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது.

*

துரைப்பாக்கத்துக்கு நேராக, கடலிலிருந்து மேற்கே நிலத்தைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் கடற்கரை. அடுத்து மணல்மேடு, நீலாங்கரையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் அதன் மேல்தான் இருக்கின்றன. அதற்கு மேற்கே நிலம் இறங்குகிறது. அந்தப் பள்ளத்தில் பக்கிங்ஹாம் கால்வாய். மறுபடி நிலம் கொஞ்சம் ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் ஓ.எம்.ஆர். மறுபடி இறங்கினால் பள்ளிக்கரணைக் கழுவெளி என்ற சதுப்பு நிலம். அதையும் தாண்டி மேற்கே நிலம் ஏறி, பாறை மேலே வரத் தொடங்கும் இடத்தில் வேளச்சேரி–தாம்பரம் சாலை. மூன்று மேடு, இரண்டு பள்ளம். மேட்டுக்கு ஒரு சாலை.

கால்வாயைப் பள்ளத்தில் வெட்டியதும் தற்செயல் இல்லை. 1806-ல் எண்ணூர்ப் பக்கம் சிறியதாகத் தொடங்கி, 1876–78 பஞ்சத்தின்போது கூலிக்கு ஆள் வைத்து நீட்டப்பட்ட நீர்வழி அது. பஞ்ச காலத்து ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. கடலோரமாக ஏற்கெனவே கிடந்த உப்பங்கழிகளையும் தாழ்வுகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வண்டி மேட்டைத் தேடியது, படகு பள்ளத்தைத் தேடியது. இரண்டும் ஒரே திசையில் அருகருகே போகின்றன.

இந்த மேடுகளைப் போட்டது கடல். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில் இருந்தபோது, கடல் தண்ணீரில் ஒரு பங்கு நிலத்தின் மேல் பனியாக உறைந்து கிடந்தது. கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்வு. அன்றைய சென்னைக் கடற்கரை பல கிலோமீட்டர் கிழக்கே இருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறி வந்தது. ஆறாயிரம், ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த ஏற்றம் பெருமளவு ஓய்ந்தது. இந்தியாவின் கிழக்குக் கரையில் பல இடங்களில் கடல் இன்றைய மட்டத்தைவிடச் சற்று மேலேயே ஏறி நின்றுவிட்டுப் பிறகு பின்வாங்கியதற்குத் தடயங்கள் உண்டு. அப்படிப் பின்வாங்கும் கடல், ஒவ்வொரு கட்டத்திலும் தன் கரையில் ஒரு மணல்வரியை விட்டுச் செல்லும். இரண்டு வரிகளுக்கு இடையே சிக்கிய தாழ்வு முதலில் காயலாகும். ஆறும் ஓடையும் கொண்டுவந்து கொட்டும் களிமண் படிந்து படிந்து பிறகு கழுவெளியாகும்.

மணல் வந்த விதத்தைச் சென்னைக்காரர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் அலைகள் கரையில் சாய்வாக வந்து மோதுகின்றன. ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் எதிர்த்திசையில் தள்ளினாலும், வருடக் கணக்கை நேர் செய்தால் மிச்சம் வடக்கே போவதுதான். 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கியதும் இந்த ஓட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. ஒரே ஒரு சுவர், சில பத்தாண்டுகளில் இத்தனை மணலைச் சேர்க்குமானால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கடல் என்னவெல்லாம் செய்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

மேற்குப் பக்கத்தின் பாறை வேறு கதை. பரங்கிமலை, பல்லாவரம், கிண்டி வட்டாரத்தின் அடியில் இருப்பது சார்னோக்கைட் என்ற கடினமான, கருநீலம் ஓடிய பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்பவரின் கல்லறை மேல் கிடந்த கல்லை ஆராய்ந்து, 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பெயரைச் சூட்டினார். கல் போனது நம் பக்கத்திலிருந்து, பெயர் வந்தது அங்கே புதைந்தவரிடமிருந்து. தரமணி இந்தப் பாறைக்கும் கழுவெளிக்கும் நடுவில் இருக்கிறது. ஐ.ஐ.டி. பக்கம் காலுக்குக் கீழே திடமான நிலம். தெற்கே பெருங்குடி நோக்கி இறங்க இறங்கக் களிமண். ஒரே வட்டாரத்துக்குள் இரண்டு வேறு புவியியல்.

*

மேட்டில் சாலை போட இன்னொரு காரணமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியும்.

கடலோர மணலில் பெய்யும் மழை சட்டென்று உள்ளே இறங்கிவிடும். அடியில் ஏற்கெனவே கடலின் உப்புத் தண்ணீர் இருக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு. உப்பு நீர் அதைவிட இரண்டரை சதவீதம் கனம். ஆகவே நல்ல தண்ணீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. இதன் கணக்கை நெதர்லாந்தின் கைபன், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே அது 40 மீட்டர் ஆழம் வரை இருக்கும். மணல்மேட்டுக்குள் நீர்மட்டம் ஒரு மீட்டர் கூடினால் கிணற்றின் செழிப்பு எத்தனை மடங்கு கூடுகிறது பாருங்கள். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும். மோட்டார் வைத்து உறிஞ்சி நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 மீட்டர் மேலே ஏறக் காத்திருக்கிறது.

கழுவெளியின் களிமண்ணில் கிணறு வெட்டினால் தண்ணீர் மெதுவாகச் சுரக்கும், சுரப்பதும் உவர்ப்பாக இருக்கும். எனவே ஊர்கள் மணலில் உட்கார்ந்தன. ஊரையும் ஊரையும் இணைத்துக்கொண்டு பாதை போனது. அந்தப் பாதையில் கந்தன்சாவடி போன்ற தங்குமிடங்கள் வந்தன. எந்தப் பொறியாளரும் வரைபடம் போட்டு இந்தச் சாலையை வகுக்கவில்லை. தாகமும் வண்டிச் சக்கரமும் பல நூறு ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்த தடம்தான் பிற்பாடு தார் பூசிக்கொண்டது.

திருவான்மியூருக்கும் கோவளத்துக்கும் இடைப்பட்ட இந்த மணலிலிருந்துதான் சென்னைக் குடிநீர் வாரியமும் நெடுங்காலம் தண்ணீர் எடுத்தது. பிறகு அடுக்குமாடிகள் வந்தன. ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. லாரித் தண்ணீர் வந்தது. 2019 ஜூன் வறட்சியில் இந்தச் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் சில, அலுவலகத்தில் தண்ணீர் இல்லாததால் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. கொரோனாவுக்கு முந்தைய வருடம் அது. இன்று இப்பகுதியின் தாகத்தில் ஒரு பங்கைத் தீர்ப்பது நெம்மேலியின் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகள். 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனில் ஒன்று, 2024-ல் 15 கோடி லிட்டர் திறனில் இன்னொன்று. அடியில் மிதந்த நல்ல தண்ணீரைக் காலி செய்துவிட்டு, கடல் தண்ணீரை மின்சாரம் செலவழித்து நல்ல தண்ணீராக்குகிறோம்.

*

மகாபலிபுரத்துக்குப் போகும் சாலை, கடலை ஒட்டி நேராகப் போகாமல் கேளம்பாக்கம், திருப்போரூர் என்று உள்ளே சுற்றிக்கொண்டு போவது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. வரைபடத்தில் முட்டுக்காட்டைப் பாருங்கள். உப்பங்கழி கடலில் கலக்கும் முகத்துவாரம் அங்கே இருக்கிறது. பாலம் இல்லாத காலத்தில் மாட்டு வண்டி அங்கே கடக்க முடியாது. முகத்துவாரத்தை மணல்திட்டு சில மாதம் அடைத்துக்கொள்ளும், வெள்ளம் வந்தால் உடைத்துக்கொள்ளும். நம்பி வண்டி ஓட்ட முடியாத இடம். உப்பங்கழியின் மேற்குக் கரையைப் பிடித்துப் போனால் பெரிய பாலமே வேண்டாம். பழைய சாலை அந்தக் கரையைத்தான் பிடித்துப் போகிறது. போகிற வழியில் கேளம்பாக்கம் உப்பளங்களும் அதற்குச் சரக்குக் கொடுத்திருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டை நேராகக் கடக்க முடிந்தது, கான்கிரீட் பாலத்தின் காலத்தில் அது பிறந்ததால்தான்.

இதற்கு நேர் எதிரான சாலைகளும் உலகத்தில் உண்டு. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துப் பிரெய்ரி புல்வெளியில் விமானத்திலிருந்து பார்த்தால், நிலம் சதுரம் சதுரமாகக் கட்டம் கட்டிக் கிடக்கும். 1870-களிலிருந்து அங்கே நில அளவையர்கள், குடியேறிகள் வருவதற்கு முன்பே, நிலத்தை ஒரு மைல் சதுரங்களாக வெட்டிவிட்டார்கள். சதுரங்களுக்கு நடுவே சாலைக்கென்று இடம் விட்டார்கள். ஊர் பிறகு வந்தது, குடியேறிகள் பிறகு வந்தார்கள். அங்கே சாலையைப் போட்டது காகிதம்.

அந்தக் காகிதமும் ஓர் இடத்தில் தோற்றது. பூமி உருண்டை. வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும். 50-ஆவது அட்சரேகையை ஒட்டி, ஆறு மைல் இடைவெளியில் வடக்கு நோக்கிப் புறப்படும் இரண்டு கோடுகள், 24 மைல் போவதற்குள் ஏறக்குறைய 70 மீட்டர் நெருங்கிவிடும். அப்படியே விட்டால் சதுரம் சதுரமாக இராது. அதனால் 24 மைலுக்கு ஒருமுறை ஒரு திருத்தக் கோடு போட்டு, அளவை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். இன்றும் அந்தப் பக்கத்துக் கிராமச் சாலையில் நேராக ஓட்டிக்கொண்டே போகிறவர், திடீரென்று காரணமே இல்லாமல் ஒரு திருப்பத்தையும் அதற்கு எதிர்த் திருப்பத்தையும் சந்திப்பார். வளைந்திருப்பது சாலை அல்ல, பூமி.

தண்ணீர் அங்கேயும் காகிதத்தை மதிக்கவில்லை. பனியாறுகள் குடைந்து விட்டுப்போன ஆயிரமாயிரம் குட்டைகள் அந்தப் புல்வெளியில் இருக்கின்றன. கட்டம் கட்டிய சாலை அவற்றின் நடுவே போகிறது. மழை மிகுந்த வருடங்களில் குட்டை பெருத்துச் சாலையை விழுங்குகிறது. மேட்டைப் பார்த்துப் போன நம் பழைய மகாபலிபுரம் ரோடு, புத்திசாலித்தனத்தில் சஸ்காச்சுவானுக்கு ஒரு படி மேல் என்றே சொல்வேன்.

அந்தப் பழைய ரோட்டைத்தான் சொல்கிறேன். புதியதற்கு அந்தப் பாராட்டு பொருந்தாது.

*

2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற மென்பொருள் வளாகம் திறந்தது. இந்தத் தடத்தின் தலையெழுத்து அன்றே மாறிவிட்டது. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை 20 கிலோமீட்டருக்கு ஆறுவழிச் சாலை 2008-ல் திறக்கப்பட்டது. அகலப்படுத்தும்போது சாலையின் உயரத்தையும் பொறியாளர்கள் முடிவு செய்தாக வேண்டும். அவர்கள் மேல் குற்றம் இல்லை. சாலையின் அடிமண் ஊறிவிட்டால் அதன் தாங்கும் வலிமை பல மடங்கு குறைந்துவிடும். களிமண்ணில் தண்ணீர் நுண்ணிய துளைகள் வழியாகத் தானே மேலேறிக்கொள்ளவும் செய்யும். ஆகவே வெள்ளம் எட்டும் உச்ச மட்டத்துக்கு மேலே 60 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை அடிமண்ணை உயர்த்தி வைக்கச் சொல்கின்றன இந்தியச் சாலைப் பேரவையின் விதிகள். நியாயமான விதிதான். சாலையின் பார்வையில் நியாயம். அதே உயரத்தைக் கழுவெளியின் பக்கம் நின்று பார்த்தால் அது கரை, ஏரிக்கரை.

எந்த அளவுக்கு என்று கணக்குப் போடுவோம். ஒரு கிலோமீட்டர் அகலத்தில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் விரிந்து ஓடுவதாகக் கொள்ளுங்கள். கணுக்கால் தண்ணீர், யாரும் வெள்ளம் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். அதன் குறுக்கு வெட்டுப் பரப்பு 200 சதுர மீட்டர். நடுவில் ஒரு சாலையை உயர்த்தி, இரண்டு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள ஒரு பெட்டிக் கல்வெர்ட் வைத்தால் அதன் வாய் 4 சதுர மீட்டர். பழைய வழிக்கு ஈடு செய்ய அப்படி ஐம்பது வேண்டும். ஐம்பது வைக்காவிட்டால் தண்ணீர் உயர்ந்து, வேகம் கூட்டிக்கொண்டு நுழையப் பார்க்கும். உயரும் தண்ணீர் முதலில் போகும் இடம் யாராவது ஒருவருடைய வீட்டு வரவேற்பறை.

பள்ளிக்கரணைக்கு நீர் கொண்டுவரும் பரப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர். முப்பத்தொரு ஏரிகளின் உபரி அதில் வந்து சேர்கிறது. ஒரே நாளில் 30 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்தப் பரப்பில் விழும் தண்ணீர் 7.5 கோடி கன மீட்டர், ஏறக்குறைய 2.6 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் இது முக்கால் பங்குக்கு அருகில். முப்பது சென்டிமீட்டர் என்பது மிகைக் கற்பனை அல்ல. 2015 டிசம்பர் 1-ஆம் தேதிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது.

இத்தனை தண்ணீரும் கடலுக்குப் போக இருக்கும் முதன்மையான வாசல், ஓ.எம்.ஆரைக் கடந்து போகும் ஒக்கியம் மடுவு. அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய். கால்வாய் வழியே தெற்கே ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் நகர்ந்து முட்டுக்காட்டில் கடல். கடல் நேர் கிழக்கே இரண்டு கிலோமீட்டரில் அலையடித்துக்கொண்டிருக்கிறது; நடுவே நிற்கும் நீலாங்கரை மணல்மேடு விடவில்லை. இந்தப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இறக்கம் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் சரிவு பத்தாயிரத்துக்கு ஒன்று. இரண்டு மீட்டர் ஆழமுள்ள கால்வாயில் இந்தச் சரிவில் தண்ணீர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போகும். நாம் நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை. ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் அதுவும் இல்லை. கால்வாய் 50 மீட்டர் அகலம் என்று கொண்டால் நொடிக்கு 50 கன மீட்டர். பெய்ததில் பாதியை மண் குடித்துவிட்டது என்று விட்டுவிட்டாலும் மீதி வடிவதற்கு எட்டு ஒன்பது நாள். அந்த நாட்களில் கடல் ஓதத்தால் உயர்ந்திருக்கக் கூடாது, முகத்துவாரத்தில் மணல் அடைத்திருக்கக் கூடாது, இன்னொரு மழை வரக் கூடாது. புயல் அடிக்கிற வாரத்தில் இந்த மூன்றும் சேர்ந்தே வரக்கூடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கத்துத் தெருக்களில் மழை விட்டு நாட்கள் கடந்தும் தண்ணீர் நின்றதைச் சாக்கடை அடைப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

அந்த எட்டு ஒன்பது நாளைச் சமாளிக்கத்தான் கழுவெளி இருந்தது. அது தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். 1960-களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு, அதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. நடுவே துரைப்பாக்கம்–பல்லாவரம் இருநூறடி ரோடு அதை வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. ஓரங்களில் அரசு நிறுவனங்கள். கடலைப் பற்றி ஆராயும் தேசியக் கழகம் ஒன்றுக்கும் இந்தச் சதுப்பின் ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி என்று நகரத்திலிருந்து பெயர்க்கப்பட்ட ஏழை மக்களைக் குடிவைத்ததும் இந்தத் தாழ்வுகளில்தான். மலிவாகக் கிடைத்த நிலம் ஏன் மலிவு என்று கேட்கும் இடத்தில் அவர்கள் இல்லை. 2007-ல் சதுப்பின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,250 ஹெக்டேருக்கு ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலத் தகுதி கிடைத்தது. இரண்டுமே நல்ல முடிவுகள், இரண்டுமே தாமதம்.

*

மண் போட்டு உயர்த்திவிட்டால் பள்ளம் மேடாகிவிடாதா? கேட்பவர்கள் நிறைய. லேஅவுட் போடுகிறவர்கள் கேட்பதே இல்லை, கிராவல் லாரியை அனுப்பிவிடுகிறார்கள்.

மணலும் களிமண்ணும் பாரத்தை ஏற்கும் விதமே வேறு. மணலில் எடை வைத்தால், மணிகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து, நடக்க வேண்டிய இறக்கம் அப்போதே நடந்து முடிந்துவிடும். கழுவெளிக் களிமண்ணின் கணிசமான பகுதி தண்ணீர். கட்டித் தயிரைத் துணியில் முடிந்து மேலே அம்மிக்கல்லை வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்: தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியேறும், அந்த அளவுக்குக் கட்டி சுருங்கும். தயிருக்கு ஓர் இரவு போதும். பல மீட்டர் கனமான களிமண் படுகைக்கு வருடங்கள் ஆகும். காரணம், தண்ணீர் வெளியேற வேண்டிய தூரம் இரட்டித்தால் ஆகும் காலம் நாலு மடங்காகிறது. இந்தக் கணக்கை 1920-களில் வகுத்துத் தந்தவர் கார்ல் டெர்சாகி. மண் இயக்கவியல் என்ற துறையே அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

சாலைப் பொறியாளர்கள் இதைச் சமாளிக்க வழி வைத்திருக்கிறார்கள். களிமண்ணுக்குள் நெருக்கமாகச் செங்குத்து வடிகால் பட்டைகளை இறக்குவார்கள். தண்ணீர் மேலே வரப் பல மீட்டர் பயணம் செய்ய வேண்டாம், பக்கவாட்டில் ஒரு மீட்டர் போனால் வடிகால் கிடைத்துவிடும். தூரம் குறைந்தால் காலம் மளமளவென்று குறையும். மேலே தேவைக்கு அதிகமாக மண்ணைக் குவித்து, இறங்க வேண்டியதை முன்கூட்டியே இறக்கிவிட்டு, பிறகு சாலை போடுவார்கள். இருபது வீட்டு மனைக்கு யார் இவ்வளவு செய்வார்கள்? கம்பி பைல் போட்ட கட்டடம் பாறை வரை கால் ஊன்றி அசையாமல் நிற்கும். அதைச் சுற்றிய மதில், கார் நிறுத்தும் தளம், சாக்கடைக் குழாய் எல்லாம் வருடா வருடம் கீழே போகும். வாசல் படிக்கும் தெருவுக்கும் இடையே விரிசல் விழுந்த அடுக்குமாடிகளை இந்தப் பக்கத்தில் நடந்து போனாலே பார்க்கலாம்.

இன்னொரு வியாதி, ரோட்டின் மேலேயே ரோடு போடுவது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே அடுத்த அடுக்கைப் போட்டால் ஒவ்வொரு முறையும் சாலை சில சென்டிமீட்டர் வளரும். பத்து முறை போட்டால் வீடு பள்ளத்தில். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு கண்டிப்பாக உத்தரவிட்டது. உள்தெருக்களில் அந்த உத்தரவு எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதை அவரவர் வாசலில் நின்று அளந்துகொள்ளலாம்.

இப்போது இதே தடத்தின் மேல் மூன்றாவது அடுக்கு வந்துகொண்டிருக்கிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ, தரமணியைத் தாண்டியதும் சுரங்கத்திலிருந்து வெளியே வந்து ஓ.எம்.ஆரின் நடுவே தூண்கள் மேல் ஏறிக்கொள்கிறது. தூண் மேல் போகும் பாதை தண்ணீரை மறிப்பதில்லை. இந்த நிலத்துக்கு ஏற்ற போக்குவரத்து அதுதான். கழுவெளியைக் கடந்தே தீர வேண்டிய எந்தப் புதிய சாலையும் கரை கட்டிக்கொண்டு போகாமல் தூண் மேல் போகட்டும். செலவு கூடும். 2015-லும் 2023-லும் வெள்ளத்தால் ஆன செலவைச் சேர்த்துப் பார்த்தால் அது கூடுதலாகத் தோன்றாது.

இந்தச் சாலையில் வீடோ மனையோ வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாலையிலிருந்து எத்தனை நிமிடம் என்பதை விற்பவர் சொல்வார். சாலையை ஒட்டிய மேட்டிலா, கிழக்கே கால்வாய்ப் பள்ளத்திலா, மேற்கே கழுவெளித் தாழ்விலா என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். அக்கம்பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். பழைய கிராம வரைபடத்தையும் வருவாய்ப் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே கழுவெளிப் புறம்போக்கு, ஏரி, வாய்க்கால் என்று எப்போதாவது எழுதப்பட்டிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.